துஷ்டி சொல்லும் குரல்

இப்போதெல்லாம் துஷ்டி சொல்ல, அதாவது சாவுச் சேதி சொல்ல, சுயம்புலிங்கத்தை யாரும் கூப்பிடுவதில்லை. போன ஆடியில் கடைசியாக ஒரு தடவை கூப்பிட்டார்கள். துபாயில் இருக்கிற பையனிடம் எடுத்த எடுப்பில், "ஒங்கப்பா காலையில செத்துப் போனாரு தம்பி" என்று சொல்லிவிட்டார். சொன்னதோடு விட்டாரா? அந்தப் பையன் அழுது முடிக்கிற வரைக்கும் போனை வைக்காமல் காதில் பிடித்துக்கொண்டே இருந்தார். பெண்டாட்டி போனதிலிருந்து மனுஷனுக்கு மூளை பிசகிவிட்டது என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

அதற்கு முந்திய சித்திரை வரைக்கும் கதை வேறு. தேரூர் வட்டாரத்தில் ஒரு சாவு விழுந்தால், பந்தல்காரனுக்கு ஆள் போகும் முன்னால் இவர் வீட்டுக்குத்தான் ஆள் வரும். "தூரத்துல இருக்கப்பட்ட பிள்ளையளுக்கு நீரு ஒரு போனப் போட்டுரும்வே. எங்களுக்குத் தொண்டை அடைக்கு" என்று நம்பரைக் கொடுப்பார்கள். சுயம்புலிங்கம் சட்டையை எடுத்து மாட்டி, பொத்தான் போட்டுக்கொண்டு உட்காருவார். வீட்டுக்குள் இருந்து பேசுகிற போனுக்குச் சட்டை எதற்கு என்று மனைவி மீனாட்சியம்மாள் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள்.

அந்த வேலை அவர் தேடிப் போனதல்ல. ஒரு காலத்தில் ஊர்ச் சந்தியில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தார். பம்பாய்க்கும் துபாய்க்கும் சாவுச் சேதி சொல்ல வந்தவர்கள், கண்ணாடிக் கூண்டுக்குள் ரிசீவரைப் பிடித்தபடி அழத் தொடங்கிவிடுவார்கள். மீட்டர் ஓடும், மறுமுனையில் இருப்பவனுக்கு ஒரு மண்ணும் விளங்காது. பார்த்துப் பொறுக்காமல் ஒருநாள் இவரே ரிசீவரை வாங்கிப் பேசினார். நன்றாகப் பேசினார் என்று பேர் வந்துவிட்டது. பூத் ஜெராக்ஸ் கடையாகி, அதுவும் போய், இருக்கிற கொஞ்சம் வயலைப் பார்த்துக்கொண்டு வீட்டோடு ஒதுங்கிய பிறகும் அந்தப் பேர் அவரை விடவில்லை.

அவருக்கென்று ஒரு முறை உண்டு. எடுத்தவுடன் விஷயத்துக்கு வரமாட்டார். முதலில், "சாப்பிட்டாச்சா?" இல்லை என்றால், சாப்பிட்டுவிட்டு இரு, பிறகு கூப்பிடுகிறேன் என்று வைத்துவிடுவார். சேதி கேட்டபின் யார் தொண்டையில் சோறு இறங்கும்? அடுத்து, "பக்கத்துல ஆரு நிக்கா?" தனியாக இருக்கிறவனுக்குச் சொல்லக்கூடாது. அதற்கப்புறம் குரல் ஒரு படி இறங்கும். "அப்பாவுக்குக் கொஞ்சம் சொகமில்ல. ஆஸ்பத்திரியில வச்சிருக்கு. ஒண்ணும் பயப்படாண்டாம். கெடைக்க வண்டியில ஏறி வந்துரு." சொல்லி முடித்த கையோடு போனை வைத்துவிடுவார், மேலே கேள்வி கேட்க இடம் கொடுக்கமாட்டார். இறந்துவிட்டார் என்ற சொல் அவர் வாயிலிருந்து ஒருநாளும் வந்ததில்லை. வருகிறவன் ஒரு நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டு வந்து சேரட்டும், வாசலில் தாங்கிப் பிடிக்க நாலு பேர் இருக்கும்போது தெரிந்துகொள்ளட்டும் என்பது அவர் நியாயம். ஊர் அதைப் பொய் என்று சொல்லவில்லை, பக்குவம் என்று சொல்லிற்று. அந்தப் போனை எடுத்தவர்களைக் கேட்டிருந்தால் வேறு பேர் சொல்லியிருப்பார்கள்.

அப்படிக் கேட்கக்கூடிய ஒருத்தி வீட்டுக்குள்ளேயே இருந்தாள். ஒரே மகள், லட்சுமிப்ரியா. வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே அப்பாவின் குரல் இறங்குவதைக் கேட்டு வளர்ந்தவள். குரல் இறங்கியதும் அடுக்களைக்குப் போய், "ஆரும்மா செத்துப் போனது?" என்று கேட்பாள்.

அவள் கோயம்புத்தூரில் காலேஜில் படிக்கும்போது அந்தக் குரல் அவளுக்கே வந்தது. மீனாட்சியம்மாளின் தம்பி ஆனந்தகிருஷ்ணன், மருமகளைத் தோளில் வைத்து வளர்த்தவர், அன்றைக்குக் காலையில் போய்விட்டார். "சாப்பிட்டியா மக்களே? பக்கத்துல ஆரு நிக்கா? மாமாவுக்குக் கொஞ்சம் சொகமில்ல" என்றார் சுயம்புலிங்கம். குரல் தெரிந்ததுதான். ஆனாலும் அப்பா தன்னிடம் அப்படிச் செய்யமாட்டார் என்று நம்ப அவளுக்கு ஆசை. மாமாவுக்குப் பிடித்த மாதுளம்பழம் வாங்கிக்கொண்டு ரயிலேறினாள். தெருமுனையில் பந்தலைப் பார்த்ததும் பை கைவிட்டுப் போயிற்று, பழங்கள் தெருவில் உருண்டன. காரியமெல்லாம் முடிந்தபின் அப்பாவிடம் ஒன்றே ஒன்று சொன்னாள்: "இனி எனக்கு இப்பிடிப் போன் பண்ணாதீங்கப்பா. செத்தா செத்துட்டுன்னு சொல்லுங்க." சுயம்புலிங்கம் தலையாட்டினார். பிள்ளை சின்னது, போகப் போக விளங்கும் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டார்.

அந்த லட்சுமிப்ரியா மேல்படிப்புக்கு ஜெர்மனி போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. பாடம், அதை விட்டால் ஒரு பேக்கரியில் பகுதிநேர வேலை, அதையும் விட்டால் தூக்கம். ஊர் சுற்றிப் பார்க்கப் போகலையா என்று கேட்டால், நேரம் எங்கே என்பாள். அங்கே படிக்கிற நம் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து, சனி ஞாயிறு இரண்டு நாள் பிராக் நகரத்துக்கு பஸ்ஸில் போய்வர ஏற்பாடு செய்தபோது, முதல்தடவையாக அவளும் பேர் கொடுத்தாள். மார்த்தாண்டத்துப் பையன் ஜெபிஷ்தான் கூட்டத்துக்குத் தலைவன். ஒரு வாரமாக வீட்டுப் போனில் அதே பேச்சு. ஆற்றின் மேல் பழைய பாலமாம், அதன் இரண்டு பக்கமும் கல் சிலைகளாம், மணிக்கூண்டில் பொம்மைகள் வெளியே வந்து போகுமாம். மீனாட்சியம்மாள், "குளிருக்குள்ள சட்டை எடுத்து வச்சியா?" என்பதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அடுத்த வீட்டு சுஜாவிடம் போய், எல்லாவற்றையும் தானே நேரில் பார்த்துவிட்டு வந்த மாதிரி அளந்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயிலுக்குப் போய் வந்த மீனாட்சியம்மாள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். சுயம்புலிங்கத்தின் அக்காள் மகன் ஸ்ரீகுமார் காரைக் கொண்டுவந்தான். நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மாரடைப்புதான், ஆனால் சமாளித்துவிட்டோம் என்று டாக்டர் சொன்னார்.

கண் திறந்ததும் மீனாட்சியம்மாள் சொன்ன முதல் வார்த்தை, "பிரியாட்ட சொல்லாண்டாம். சொன்னா போகமாட்டா. திங்கக்கிழமை திரும்பி வரட்டு, பெறவு சொல்லலாம்."

சுயம்புலிங்கத்துக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? நல்ல சேதியைக்கூட நாலு நாள் ஊறப்போடுகிற ஆள் அவர்.

சனிக்கிழமை படங்கள் வந்து குவிந்தன. ஐ.சி.யு.வில் இருந்த சிஸ்டர் டெல்சி நல்ல மாதிரி. கொஞ்ச நேரம் போனைக் காட்ட விட்டாள். மெல்லிய பச்சைச் சட்டையோடு பாலத்தில் நிற்கிறாள் லட்சுமிப்ரியா. பக்கத்தில் மழையிலும் புகையிலும் கறுத்துப்போன ஒரு கல் சிலை. பிள்ளை பல் தெரியச் சிரிக்கிறாள். ஒரு வருஷமாக அந்தச் சிரிப்பை வீட்டில் யாரும் பார்க்கவில்லை.

"அந்தச் சாமிக்கு மூக்கு சரியில்ல" என்றாள் மீனாட்சியம்மாள். "நம்ம மயிலாடிக் கல்லாசாரி இதவிட நல்லா கொத்துவான்."

"பேசுதியா? விளிக்கட்டா?"

"வேண்டாம். என் மூஞ்சியப் பாத்தா கண்டுபிடிச்சிருவா."

பேசவில்லை. அன்றைக்குப் பேசியிருக்கலாம் என்று சுயம்புலிங்கம் இன்றைக்கும் உட்கார்ந்தால் எழுந்தால் நினைக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மறுபடியும் மாரடைப்பு வந்துவிட்டது. இந்தத் தடவை டாக்டர் அவரை வெளியே அழைத்துவந்து, "சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிருங்க" என்றார். அந்தப் பாஷை சுயம்புலிங்கத்துக்குத் தெரியாதா? உள்ளே போனால் மீனாட்சியம்மாள் அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள். "பாருங்க, புள்ளைய ஒருக்கா பாக்கணும். போனுலயாவது ரெண்டு வார்த்தை பேசணும்." அதற்குமேல் அவளுக்கு வேறு ஆசை எதுவும் இல்லை, அவருக்கும் வேறு வேலை இல்லை.

வராந்தாவுக்கு வந்து போனை எடுத்தார். கை தானாகச் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தது.

"அப்பா!" என்றாள் மகள். பின்னால் காற்றும் சிரிப்பும் எங்கேயோ மணியோசையும். "இப்பந்தான் ஒங்களுக்கு வீடியோ எடுத்துட்டு நிக்கேன். அம்மை எங்க?"

பிள்ளை பயந்துவிடக்கூடாது என்ற ஒன்றைத் தவிர அவர் மண்டையில் எதுவும் இல்லை. "சாப்பிட்டியா மக்களே?" என்றார்.

சிரிப்பு நின்றது.

"பக்கத்துல ஆரு நிக்கா?"

மணியோசை மட்டும் கேட்டது.

"அம்மைக்குக் கொஞ்சம் சொகமில்ல. ஆஸ்பத்திரியில வச்சிருக்கு. ஒண்ணும் பயப்படாண்டாம்."

சொன்னது அத்தனையும் உண்மை. அந்தக் குரலில் அவர் உண்மை சொன்னது அதுதான் முதல்தடவை. அம்மா உன்னிடம் பேச வேண்டும் என்கிறாள் என்று தொடர வாயெடுத்தார்.

"நீங்க சாப்பிட்டீங்களாப்பா?" என்றாள் லட்சுமிப்ரியா. கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. அதோடு போன் துண்டாயிற்று. திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். அவள் போனையே அணைத்துவிட்டிருந்தாள்.

அவருக்கு அப்போதும் விளங்கவில்லை. சிக்னல் கோளாறு என்று நினைத்தார். "வெளிய நிக்கா, இப்பம் விளிப்பா" என்று மீனாட்சியம்மாளிடம் சொன்னார். அவள் கதவைப் பார்த்தபடி கிடந்தாள்.

கொஞ்ச நேரத்தில் ஸ்ரீகுமாரின் போன் அடித்தது. லட்சுமிப்ரியாவிடம் நம்பர் வாங்கி, பிராக்கிலிருந்து ஜெபிஷ் கூப்பிட்டான். அவன் பேசியதைக் கேட்கக் கேட்க ஸ்ரீகுமாரின் முகம் மாறிற்று. போனைக் கையால் மூடிக்கொண்டு, "மாமா, அத்தை போயாச்சுன்னுல்லா பிரியா நெனச்சிருக்கா! அடக்கம் எப்பம்னு கேக்கான் இவன்" என்றான்.

சுயம்புலிங்கம் போனைப் பிடுங்கினார். "தம்பி, அவ அம்மை இருக்கா! உயிரோட இருக்கா! அவட்ட போனைக் குடு!"

"அங்கிள், ஒரு நிமிஷம்" என்று ஜெபிஷ் போனான். தூரத்தில் அவன் சொல்வதும், ஒரு பெண் குரல் வெடித்து அழுவதும் கேட்டது. திரும்பி வந்து தயங்கித் தயங்கிச் சொன்னான். "பாலத்துப் படியில இருந்து கரஞ்சு அழுதுட்டே இருக்கா அங்கிள். நான் சொன்னா நம்ப மாட்டேங்கா. எங்கப்பா எல்லாருக்கும் இப்பிடித்தான் சொல்லுவாரு, எங்க மாமாவுக்கும் இப்பிடித்தான் சொன்னாருன்னு சொல்லுகா. இன்னைக்கே பிளைட் பிடிச்சு நாட்டுக்குப் போணுமாம். ஏர்போர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"வீடியோ போடு தம்பி. நான் காட்டுகேன்."

ஓட்டமும் நடையுமாக உள்ளே போனார். டெல்சி வழிவிட்டாள். ஊசி போட்ட அசதியில் மீனாட்சியம்மாள் கண் மூடிக் கிடந்தாள். மூக்கில் ஆக்சிஜன் குழாய், அதன்மேல் வெள்ளை பிளாஸ்திரி, குழாய் நழுவாமல் தாடைக்கடியில் சுற்றிவந்த ஒரு பட்டை. மறுமுனையில் ஜெபிஷ் போனை லட்சுமிப்ரியாவின் முகத்துக்கு நேரே பிடித்தான். அவள் ஒரே ஒரு கணம் பார்த்தாள். துஷ்டி வீடுகளுக்கு அம்மாவோடு போய் வளர்ந்த பெண். மூடிய கண், மூக்கில் வெள்ளையாக ஏதோ, தாடையைச் சேர்த்துக் கட்டின கட்டு. அதைப் பார்த்தபின் அவளுக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. கல்ஃபில் இருக்கிற பிள்ளைகளுக்கு உடலைப் போனில் காட்டிவிட்டு எடுத்துவிடுகிற வழக்கம் ஊரில் வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. "போனுல காட்டாதீங்க! நான் நேருல வந்து பாத்துக்கிடுகேன்!" என்று அலறிக்கொண்டு ஓடிவிட்டாள்.

சுயம்புலிங்கம் வராந்தாப் பெஞ்சில் வந்து விழுந்தார். உண்மையைச் சொல்ல அவரிடம் வேறு குரல் இல்லை. இருந்த ஒரு குரலையும் ஊருக்கெல்லாம் பொய் சொல்லித் தேய்த்தாயிற்று. இந்தக் கையால் எத்தனை பிள்ளைகளை நம்பிக்கை கொடுத்து ரயிலேற்றி அனுப்பினோம் என்று நினைத்தபோது வெட்கம் பிடுங்கித் தின்றது. உள்ளே ஒருத்தி மகளின் முகத்துக்காகக் காத்துக் கிடக்கிறாள். அங்கே ஒருத்தி உயிரோடு இருக்கிற தாய்க்கு ஒப்பாரி வைத்துக்கொண்டிருக்கிறாள். நடுவில் நிற்பது அவர்.

வழி சொன்னது டெல்சிதான். "சார், அம்மா முழிச்சதும் ரெண்டு வார்த்தை பேசச் சொல்லி ரெக்கார்டு பண்ணி அனுப்புங்க. பெத்தவ கொரலு கேட்டா நம்பாம இருப்பாளா?"

மீனாட்சியம்மாள் கண் விழித்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. மகள் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்பதை அவர் சொல்லவில்லை. அதை எப்படிச் சொல்வது? "புள்ள பஸ்ஸுல போறா, சிக்னல் இல்ல. நீ சொல்லு, அனுப்பிருகேன்" என்று போனை அவள் வாயருகே பிடித்தார்.

அவள் மூச்சைத் திரட்டிக்கொண்டாள். "ஏட்டி... அந்தப் பச்சைச் சட்டை குளிருக்குக் காணுமா? சொன்னா கேக்கமாட்ட..." இளைப்பு வாங்கிற்று. "பாலத்துல மூக்கு சரியில்லாத சாமி... எனக்கும் சேத்துக் கும்பிட்டியா? ஒங்கப்பா இங்க ஒண்ணும் திங்காம நிக்காரு. நீ சொன்னாத்தான் கேப்பாரு..." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "என்ன, இன்னும் ஓடிட்டா இருக்கு? நிறுத்துங்க" என்றாள்.

அதை அப்படியே ஜெபிஷின் போனுக்கு அனுப்பினார். ஒரு டிக் விழுந்தது. வெகுநேரம் கழித்து இன்னொன்று விழுந்தது. நிமிர்ந்தபோது உள்ளேயிருந்து டெல்சி டாக்டரைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. கதவை அடைத்தார்கள். ஊரில் விளக்கு வைக்கிற நேரத்துக்கு டாக்டர் வெளியே வந்தார், முகத்தைப் பார்த்ததும் சுயம்புலிங்கத்துக்குத் தெரிந்துவிட்டது.

ஸ்ரீகுமார் அவரைத் தாங்கிப் பிடித்து நிற்கும்போதே போன் அடித்தது. திரையில் மகளின் படம்.

"அப்பா! அம்மை கொரலக் கேட்டேன்ப்பா!" அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "ஜெபிஷ் இப்பந்தான் போட்டுக் காட்டினான். நீங்க நெசந்தான் சொல்லிருக்கீங்க, நாந்தான் நம்பல. மன்னிச்சிருங்கப்பா. ஏர்போர்ட்டுல நிக்கேன், நாளைக்கு வந்துருவேன். அம்மைட்ட குடுங்க. கோட்டு போட்டுட்டேன்னு சொல்லணும். குடுங்கப்பா."

அம்மை ஒறங்குகா மக்களே, நீ வா. நாக்கு நுனியில் அந்த வார்த்தை தயாராக வந்து நின்றது. பிள்ளை நிம்மதியாக விமானம் ஏறுவாள். திருவனந்தபுரத்தில் ஸ்ரீகுமார் நிற்பான், வாசலில் தாங்கிப் பிடிக்க நாலு பேர் இருப்பார்கள். ஸ்ரீகுமாரும் கையை ஆட்டி ஆட்டி, "சொல்லாண்டாம் மாமா, புள்ள தனியா வரணும்" என்று கிசுகிசுத்தான். சுயம்புலிங்கம் அவன் பக்கமிருந்து திரும்பி, சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. பக்கத்தில் யார் என்று கேட்கவில்லை.

"மக்களே, அம்மை செத்துப் போயிட்டா."

மறுமுனையில் ஏதோ ஒரு பாஷையில் விமான அறிவிப்பு மட்டும் ஓடிற்று.

"இப்பந்தான் மக்களே. ஒனக்குப் பேசினதுக்குப் பெறவு."

"நெசமாட்டாப்பா?" என்றாள் அவள், சின்னப் பிள்ளைக் குரலில்.

"ஆமா மக்களே."

அந்தத் தடவை அவள் அவரை நம்பினாள். அழுகை வந்தது. எத்தனையோ பேருக்குத் துஷ்டி சொன்ன மனுஷன், அந்த அழுகையை அதற்கு முன் கேட்டதே இல்லை. அவர் போனை வைத்தபிறகு, எங்கேயோ ஒரு வாசலில், வேறு யாரோ பிடித்துக்கொள்ள அவர்கள் அழுதிருப்பார்கள். அவர் சுவரில் நெற்றியை வைத்து, போனைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். மகள் அழுது முடிக்கும்வரை அதை எடுக்கவில்லை.